நகத்தால் பந்து பிடித்த வீரர்

ஹாய்ட் வில்ஹெல்ம் என்று ஒரு பேஸ்பால் வீரர். அமெரிக்காவின் பெரிய அணிகளில் ஆட வந்தபோது அவருக்கு வயது 29. ஆட்டத்தை விட்டபோது வயது 49!

1922-ல் வட கரோலினா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது பத்திரிகையில் ஒரு படத்தைப் பார்த்தார். டச் லெனார்டு என்ற வீரர் பந்தைப் பிடிக்கும் முறை அதில் தெரிந்தது. விரல் நுனிகளை, நகம் பதியும்படி, பந்தில் ஊன்றிப் பிடிக்க வேண்டும். அப்படி வீசினால் பந்து சுழலாது. காற்றில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே வரும். வேகம் குறைவுதான். ஆனால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

முதுகில் குண்டு

இரண்டாவது உலகப் போரில் பட்டாளத்துக்குப் போனார். ஐரோப்பாவில் நடந்த பல்ஜ் போரில் காயம் அடைந்தார். குண்டின் சிதறல் ஒன்று முதுகில் புகுந்தது. கடைசிவரை அதை எடுக்கவே இல்லை.

ஊர் திரும்பிச் சின்ன அணிகளில் பல ஆண்டுகள் ஆடினார். 1952-ல்தான் நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. முதல் முறை மட்டை பிடித்தபோதே பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தார். பிறகு 1972 வரை ஆடியும் அப்படி இன்னொரு அடி விழவில்லை!

அவர் வேலை வேறு. முதலில் வீசுபவர் களைத்தால், நடுவில் இறங்கி ஆட்டத்தைக் காப்பாற்றுபவர் அவர். அந்த நாளில் இந்த வேலைக்கு மதிப்பு குறைவு.

2.43

வீச்சாளரை அளக்க அங்கே ஒரு கணக்கு உண்டு. ஓர் ஆட்டத்துக்கு 9 சுற்று. 9 சுற்றுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் கொடுத்தார் என்று பார்ப்பார்கள். கூட ஆடுபவர்கள் பந்தைக் கோட்டை விட்டதால் போன ஓட்டம் இதில் சேராது. எண் குறையக் குறைய நல்லது.

முதல் ஆண்டில் வில்ஹெல்ம் வீசியது 159 சுற்றுக்குச் சற்று மேல். கொடுத்த ஓட்டம் 43. சராசரி 2.43. அவர் ஆடிய நேஷனல் லீகில் அதுதான் முதலிடம்! 1959-ல் பால்டிமோர் அணிக்காக அமெரிக்கன் லீகிலும் முதலிடம் பெற்றார்.

அவர் பந்தைப் பிடிக்கச் சொந்த அணிக்காரரே திண்டாடினார். 1960-ல் மேலாளர் பால் ரிச்சர்ட்ஸ் அதற்கென்றே ஒரு பெரிய கையுறை செய்ய வைத்தார்.

வயது ஏற ஏற எண் இறங்கியதுதான் வியப்பு. 1964 முதல் 1968 வரை 5 ஆண்டும் 2-க்குக் கீழே. 1967-ல் 1.31. அப்போது அவருக்கு வயது 45!

மொத்தம் 1,070 ஆட்டங்கள். வாழ்நாள் சராசரி 2.52. இவ்வளவு இருந்தும், புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்க்க 8-வது ஓட்டெடுப்பு வரை ஆயிற்று. 1985-ல் இடம் கிடைத்தது. நடுவில் இறங்கி வீசுபவர்களில் அங்கே நுழைந்த முதல் ஆள் அவர்தான்.

2002 ஆகஸ்டில் புளோரிடா மாநிலத்தில் காலமானார்.