அளந்து தந்த ஒளி

நுழையும்முன்

உடலைக் கீறி நோயை அகற்றுவது மருத்துவத்தின் ஒரு வழி. கத்தி எட்டாத இடத்தில் வளரும் கட்டியையும், கத்தியைத் தாங்காத உறுப்பில் வளரும் கட்டியையும் என் செய்வது? இக்கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு கண்ட விடைகளுள் ஒன்று கதிர்வீச்சு. உடலைச் சுடும் கதிரை அளந்து மருந்தாக்கிய வரலாற்றில் மேரி கியூரி அம்மையாருக்குத் தனியிடம் உண்டு.

இளமையும் கல்வியும்

உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த போலந்தின் வார்சா நகரில், 1867 நவம்பர் 7 அன்று ஆசிரியர் குடும்பத்தின் ஐந்தாவது குழந்தையாக மரியா பிறந்தார். பத்து வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். அந்நாளில் வார்சா பல்கலைக்கழகத்தின் கதவுகள் பெண்களுக்குத் திறக்கவில்லை. மறைவாக நடந்த வகுப்புகளில் மரியாவும் அவருடைய அக்கா பிரோனியாவும் பயின்றனர். பின்னர் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். செல்வர் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்து ஈட்டிய பணத்தை மரியா அனுப்ப, பிரோனியா பாரிசில் மருத்துவம் கற்றார். அக்கா தலையெடுத்த பின் தங்கையின் முறை வந்தது. 1891இல் பாரிஸ் சென்ற மரியா, சோர்போன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1893இல் இயற்பியல் பட்டத்தேர்வில் முதலிடம் பெற்றார். 1895இல் அறிவியலறிஞர் பியரி கியூரியை மணந்து மேரி கியூரி ஆனார்.

கொட்டகையில் கிடைத்த தனிமம்

யுரேனியம் தானாகவே ஒருவகைக் கதிரை வெளிவிடுவதை 1896இல் ஹென்றி பெக்கரல் கண்டறிந்தார். அக்கதிரின் வலிமையை மேரி அளக்கத் தொடங்கினார். யுரேனியத் தாதுவான பிட்ச்பிளெண்ட், அதிலுள்ள யுரேனியத்தின் அளவுக்குப் பொருந்தாத மிகுவலிமையுடன் கதிர்வீசியது. அறியப்படாத தனிமம் ஒன்று அதில் மறைந்திருக்க வேண்டும் என்று அவர் உய்த்துணர்ந்தார். 1898இல் கணவருடன் சேர்ந்து பொலோனியம், ரேடியம் என்னும் இரு தனிமங்களை உலகுக்கு அறிவித்தார்.

அறிவித்ததை மெய்ப்பிக்கத் தூய ரேடியம் தேவைப்பட்டது. மழை ஒழுகும் கொட்டகையில், டன் கணக்கான தாதுக்கழிவைக் காய்ச்சியும் கலக்கியும் வடித்தும் அவர் உழைத்தார். 1902இல் கைக்குக் கிட்டியது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு மட்டுமே. 1903இல் கியூரி இணையரும் பெக்கரலும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வம் குவிந்திருக்கும். இணையர் அதனைப் பெறாது, முறையை எல்லார்க்கும் பொதுவாக்கினர்.

சுட்ட கதிரே மருந்தானது

சட்டைப்பையில் ரேடியக் குழாயை வைத்திருந்த பெக்கரலின் தோலில் புண் உண்டாயிற்று. பியரி தம் கையின் மேல் ரேடியத்தை வைத்துச் சோதித்தார். தோல் சிவந்து புண்ணாகி, ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று. நலமான திசுவை அழிக்கும் கதிர் நோயுற்ற திசுவையும் அழிக்குமன்றோ? கியூரி இணையர் தந்த ரேடியத்தைக் கொண்டு பாரிஸ் மருத்துவர்கள் தோல்நோய்க்குச் சிகிச்சை அளித்தனர். பின்னர் ரேடியம் அடைத்த குழாய்களைப் புற்றுக்கட்டியின் அருகிலும் உள்ளேயும் வைத்துச் சிகிச்சை செய்தனர்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. கதிர் மிகுந்தால் நலமான திசு அழியும். குறைந்தால் நோய் எஞ்சும். ஒரு மருத்துவர் பயன்படுத்திய ரேடியத்தின் அளவு மற்றொரு மருத்துவருக்கும் பொருந்துமாறு பொது அளவுகோல் ஒன்று வேண்டியிருந்தது. அதனை உருவாக்கும் பொறுப்பு மேரியிடம் வந்தது. 1911இல் ஏறத்தாழ 22 மில்லிகிராம் தூய ரேடியம் குளோரைடைச் சிறு கண்ணாடிக் குழாயில் அடைத்து அனைத்துலக அளவுகோலாக அளித்தார். அதே ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசையும் பெற்றார்.

நிறுவனமும் தொண்டும்

1906இல் பியரி சாலை விபத்தில் இறந்தார். துயரத்தைத் தாங்கிய மேரி, கணவரின் பணியை ஏற்றுச் சோர்போனில் பாடம் நடத்திய முதல் பெண்மணி ஆனார். 1914இல் பாரிசில் ரேடியம் நிறுவனம் எழுந்தது. இயற்பியல், வேதியியல் ஆய்வை மேரியும், மருத்துவ ஆய்வை கிளாடியஸ் ரெகாடும் வழிநடத்தினர். கதிர்ச்சிகிச்சையை ஒரே நாளில் முடிக்காமல் பல நாள்களுக்குப் பகுத்தளித்தால், நலமான திசு பிழைக்கக் கட்டி அழியும் என்பதை ரெகாடின் ஆய்வுகள் காட்டின. முதல் உலகப்போரில் எக்ஸ் கதிர்க் கருவி பொருத்திய ஊர்திகளைப் போர்முனைக்கு அனுப்பிய மேரி, தாமும் மகள் ஐரீனுடன் அங்குப் பணியாற்றினார்.

காப்புரிமையை வேண்டாதவரின் ஆய்வகத்தில் போருக்குப் பின் ரேடியம் போதவில்லை. அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி வாங்கிய ஒரு கிராம் ரேடியத்தை 1921இல் குடியரசுத் தலைவர் ஹார்டிங் அவருக்கு வழங்கினார். அதன் விலை ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர்! 1932இல் வார்சாவிலும் ரேடியம் நிறுவனம் திறக்கப்பெற்றது. அதனை வழிநடத்தியவர் அக்கா பிரோனியா.

விலையும் விளைவும்

உலகுக்குக் கதிரை அளந்து தந்தவர், தம் உடல் ஏற்ற கதிரை அளந்து பார்த்தவரல்லர். ரேடியக் குழாய்களை வெறுங்கையால் எடுத்தார், விரல்கள் புண்பட்டன, கண்பார்வை மங்கியது. 1934 சூலை 4 அன்று, எலும்பு மச்சை குருதியணுக்களை ஆக்காத சோகைநோயால் மறைந்தார். நெடுங்காலம் கதிர்களுக்கு ஆட்பட்டதே அந்நோய்க்குக் காரணம் என்று மருத்துவர்கள் கருதினர். அவருடைய குறிப்பேடுகள் இன்றும் கதிர்வீசுவதால் ஈயப்பெட்டிகளில் காக்கப்படுகின்றன.

அவர் மறைந்த ஆண்டின் தொடக்கத்தில், மகள் ஐரீனும் மருமகன் பிரெடெரிக் ஜோலியட்டும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்தனர். அதனால் மருத்துவத்திற்கு ஏற்ற கதிரியக்கப் பொருள்களை மனிதரே ஆக்கிக்கொள்ள வழி பிறந்தது. அறுவைக்கு இடந்தராத கல்லீரல் புற்றுநோய்க்கு இன்று பயன்படும் இட்ரியம் 90 அத்தகையது. கல்லீரலின் நலமான பகுதி பெரும்பாலும் போர்ட்டல் சிரையிலிருந்தும், கட்டி பெரும்பாலும் கல்லீரல் தமனியிலிருந்தும் குருதி பெறுகின்றன. எனவே, இட்ரியம் 90 ஏற்றிய நுண்மணிகளைத் தமனி வழியே செலுத்தினால் அவை கட்டியில் தங்கி, சில மில்லிமீட்டர் தொலைவுக்குள் கதிர்வீசுகின்றன. எல்லா நோயாளிக்கும் இது முழுக் குணம் தருவதில்லை. ஆயினும் கட்டியைச் சுருக்கவும் வாழ்நாளை நீட்டவும் பலருக்குத் துணைசெய்கிறது. செலுத்தும் முன் ஒவ்வொருவருக்கும் உரிய அளவை மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். அளந்த பின்னரே அளிப்பது என்னும் அந்த நெறிக்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்று, மேரி கியூரி அம்மையார் ஆக்கித்தந்த அச்சிறு கண்ணாடிக் குழாய்.