லாகார்டியாவின் நாற்காலி

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், நம் துறை சம்பந்தமாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார். ஆனால் என்.சி.சி. பரேடுக்காக விடிகாலையில் ஷூ சத்தம் போட்டு விடுதியையே எழுப்பியவன் நான். எனவே விஷயம் இராணுவம் பற்றித்தான்.

அமெரிக்காவில் இருக்கும் நம் சீனியர்கள் பலர் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய ஃபியோரெல்லோ லாகார்டியா 1882-இல் பிறந்தவர். தந்தை இத்தாலியிலிருந்து வந்து அமெரிக்க இராணுவத்தில் பேண்டு மாஸ்டராக இருந்தவர். மகன் பகலில் எல்லிஸ் தீவில் அரசாங்க மொழிபெயர்ப்பாளர், இரவில் சட்ட மாணவர். நம்ம ஈவினிங் காலேஜ் ஆட்கள் மாதிரிதான்! 1916 தேர்தலில் ஜெயித்துப் பிரதிநிதிகள் சபைக்குப் போனார்.

1917 ஏப்ரலில் போருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். பிறகு கட்டாய இராணுவ சேவைக்கும். ஊரார் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் சபையில் உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை. அந்த ஆண்டே விமானப் பிரிவில் சேர்ந்து, தந்தை பிறந்த பக்கமான ஃபோஜாவில் பயிற்சி பெற்று, கப்ரோனி குண்டுவீச்சு விமானங்களில் பறந்தார். பதவியை மட்டும் ராஜினாமா செய்யவில்லை.

1918 தொடக்கத்தில் தொகுதியில் சிலர் மனுக் கொடுத்தார்கள்: இடத்தைக் காலி என்று அறிவித்து வேறு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. மாதக்கணக்கில் அவர்களுக்காகப் பேச ஆளில்லையே.  அரசாங்க உத்தியோகமும் சபை உறுப்பினர் பதவியும் சேர்ந்து இருக்கக்கூடாது என்ற அரசியல் சட்ட ஷரத்து வேறு. இருந்தும் சபை அந்த நாற்காலியைக் காலி என்று அறிவிக்கவில்லை. அக்டோபரில் மேஜராகத் திரும்பினார், நவம்பரில் மறுபடி ஜெயித்தார்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். டெரிடோரியல் ஆர்மி பயிற்சிக்கு ஒரு மாதம் போய் வந்த எனக்கு, என் மேசையில் வேறொருவர். எனக்கு ஸ்டோர்ஸ் பிரிவு. பேரம் பேசவும் தெரியவில்லை, சட்டமும் தெரியவில்லை.

லாகார்டியா 1934 முதல் 1945 வரை நியூயார்க் மேயர். இடையில் 1940-இல், படைக்குப் போனவர் பழைய வேலைக்குத் திரும்பலாம் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. மத்திய அரசுக்கும் தனியாருக்கும் அது கட்டாயம். மாநில, நகராட்சி ஊழியர்களுக்கோ திரும்ப எடுப்பது முறை என்ற சிபாரிசு மட்டுமே. அதாவது லாகார்டியாவின் சொந்த நகராட்சிச் சிப்பந்திகளுக்கு அந்தச் சட்டத்தில் பிடிமானம் இல்லை! அது 1974-இல்தான் வந்தது. அவர் 1947-லேயே காலமாகிவிட்டார்.

நம் 1948 டெரிடோரியல் ஆர்மி சட்டத்திலும் வேலைக்குத் திரும்ப எடுப்பது பற்றிய பிரிவு உண்டு. அடுத்த பயிற்சிக்குக் கடிதம் வந்திருக்கிறது. இந்தத் தடவை லீவ் லெட்டரோடு அந்தப் பிரிவின் ஜெராக்ஸையும் இணைத்திருக்கிறேன்.