லியோ ஃபெண்டர்

லியோ ஃபெண்டர் எனப் பரவலாக அறியப்படும் கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் (ஆகஸ்ட் 10, 1909 – மார்ச் 21, 1991) மின்கிதார்களையும் அவற்றுக்குரிய மிகைப்பிகளையும் (ஆம்ப்ளிபயர்) வடிவமைத்த அமெரிக்கர் ஆவார். இவர் உருவாக்கிய வெற்றிடக் குழாய் மிகைப்பிகள் பல இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றில் தேய்ந்துபோகும் ஆற்றல் குழாய்களுக்கு மாற்றாக எதைப் பொருத்துவது என்பது அவற்றை வைத்திருப்போர் அனைவரும் எதிர்கொள்ளும் கேள்வியாகும்.

இளமை

இவர் கலிபோர்னியா மாநிலத்தில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் கட்டி ஒன்றினால் இடக்கண்ணை இழந்து, அதன்பின் கண்ணாடிக் கண்ணே பொருத்தியிருந்தார். கல்லூரியில் கணக்கியல் பயின்று கணக்கராகப் பணியாற்றினார். பொருளாதார மந்தக் காலத்தில் வேலை பறிபோகவே, 1938 ஆம் ஆண்டில் 600 டாலர் கடன் பெற்று, புல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார்.

கிதார்களும் மிகைப்பிகளும்

இசைக்கலைஞர்கள் பழுதான ஒலிக்கருவிகளை இவரது கடைக்குக் கொண்டுவந்தனர். அவற்றின் குறைகளை அறிந்த ஃபெண்டர், தாமே கருவிகளைச் செய்யத் தொடங்கினார். 1946 இல் தம் பெயரில் நிறுவனம் அமைத்தார். டெலிகாஸ்டர், பிரிசிசன் பேஸ் (1951), ஸ்ட்ராட்டோகாஸ்டர் (1954) ஆகியன இவரது புகழ்பெற்ற கிதார்கள். எனினும் இவர் கிதார் வாசிக்கக் கற்றதே இல்லை.

பழுதுபார்ப்பவரின் நோக்கு இவரது மிகைப்பிகளில் தெளிவாகத் தெரியும். குழாய்கள் யாவும் தாங்கிகளில் செருகப்பட்டவை. எனவே எளிதில் கழற்றலாம். எவ்விடத்தில் எந்தக் குழாய் என்பதைக் காட்டும் தாள் பெட்டியின் உட்புறம் ஒட்டப்பட்டிருந்தது. சிறிய மிகைப்பிகளான சாம்ப், டீலக்ஸ் போன்றவற்றில் 6வி6 குழாயும், பெரியனவற்றில் 6எல்6 அல்லது அதன் வலுவான வகையான 5881 குழாயும் பயன்பட்டன. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜிம் மார்சல் உருவாக்கிய முதல் மிகைப்பி, ஃபெண்டரின் பாஸ்மேன் மின்சுற்றைத் தழுவியதே ஆகும்.

மாற்றுக் குழாய்களைத் தெரிதல்

தாங்கியில் பொருந்தும் குழாய்கள் எல்லாம் மாற்றாகா. 6வி6 குழாயின் சூடேற்றும் இழைக்கு 0.45 ஆம்பியர் மின்னோட்டம் போதும். 6எல்6 குழாய்க்கு 0.9 ஆம்பியரும், இஎல்34 குழாய்க்கு 1.5 ஆம்பியரும் தேவை. சிறிய மிகைப்பியில் பெரிய குழாயைப் பொருத்தினால் மின்மாற்றி சூடேறி எரிந்துபோகலாம். மிகைப்பி பழையதாயின் அதன் மின்மாற்றிக்கு அசல் மாற்று கிடைப்பது அரிது. டீலக்ஸ் ரிவெர்ப் மிகைப்பியில் நேர்முனை மின்னழுத்தம் ஏறத்தாழ 400 வோல்ட்டைத் தாண்டுவதால், அதைத் தாங்கும் உறுதியான 6வி6 குழாயையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரு குழாய்கள் இணைந்து இயங்கும் மிகைப்பிகளுக்கு, ஒத்த மின்னோட்டம் கொண்ட இணையே ஏற்றது. நிலைச் சார்பழுத்தம் உள்ளவற்றில் குழாய் மாற்றியபின் ஓய்வு மின்னோட்டத்தை அளந்து சரிசெய்தல் வேண்டும். ஒற்றைக் குழாய் கொண்ட சாம்ப் மிகைப்பியில் எதிர்முனை மின்தடையே இதனைக் கவனித்துக்கொள்ளும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும் என்பதால், அனுபவமற்றோர் மிகைப்பியின் உட்புறத்தைத் தொடலாகாது.

இந்தியாவில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் பெங்களூரில் வானொலிக் குழாய்களைத் தயாரித்தது. அவ்வுற்பத்தி பின்னர் நின்றுவிட்டது. இன்று புதிய குழாய்கள் பெரும்பாலும் சுலோவாக்கியா, உருசியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன. இராமேசுவரம், பாம்பன் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று குழாய்த் தாங்கிகளின் உலோகத் தொடுமுனைகளை அரிக்கக்கூடும். இதனால் எழும் இரைச்சலைக் குழாயின் பழுதாகக் கருதிவிட வாய்ப்புண்டு; எனவே புதுக்குழாய் வாங்குமுன் தொடுமுனைகளைத் தூய்மைசெய்து பார்ப்பது நன்று.

இறுதிக்காலம்

உடல்நலம் குன்றியதால் 1965 சனவரியில் ஃபெண்டர் தம் நிறுவனத்தை 1.3 கோடி டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்றார். பின்னர் நலம்பெற்று, மியூசிக் மேன், ஜி அண்ட் எல் ஆகிய நிறுவனங்களின் வழியே கருவிகளை வடிவமைத்தார். பார்க்கின்சன் நோயுற்றிருந்தும் இறுதிவரை பணியைக் கைவிடவில்லை. 1991 இல் காலமானார். மறு ஆண்டில் ராக் அண்ட் ரோல் புகழவையில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது.