மிருதங்கத்தின் கறுப்புப் பொட்டு



கம்ப்யூட்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறீர்கள். சத்தம் போதவில்லை என்று தோன்றுகிறது. என்ன செய்வீர்கள்? வால்யூமை முழுவதும் ஏற்றுவீர்கள். சத்தம் கூடும், ஆனால், பாட்டு கரகரவென்று ஆகிவிடும். ஏன் அப்படி?

ஒலி பெரிதாக இருப்பது வேறு; இனிமையாக இருப்பது வேறு. ஒலிக்கு இனிமை எங்கிருந்து வருகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்த தமிழர் ஒருவர் இருந்தார். ஒளியைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு வாங்கியவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். அவர்தான் சர் சி.வி.ராமன்.

ராமன் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ம் தேதி திருச்சியில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர், தாய் பார்வதி அம்மாள். ராமனுக்கு நான்கு வயதானபோது, தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே போயிற்று. தந்தை கணக்கும் இயற்பியலும் கற்பித்தவர்; வயலினும் வாசிப்பார். வீட்டில் அறிவியல் புத்தகங்களுக்கும் குறைவில்லை, இசைக்கும் குறைவில்லை. ராமன் இரண்டிலும் ஆசை வைத்தார்.

11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904-ல் பி.ஏ. தேர்வில் முதல் மாணவராகத் தேறித் தங்கப் பதக்கம் பெற்றார். இவ்வளவு கெட்டிக்காரப் பையன் இங்கிலாந்து போய்ப் படிக்கட்டும் என்று ஆசிரியர்கள் விரும்பினார்கள். ஆனால், ராமன் மிகவும் மெலிந்த உடம்புக்காரர். அவரைப் பரிசோதித்த டாக்டர், அந்த ஊர்க் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். பயணம் நின்று போனது.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் அறிவியல் ஆராய்ச்சிக்கு வேலை வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே, ராமன் அரசாங்க நிதித் துறைத் தேர்வு எழுதினார். அதிலும் முதலிடம்! 1907-ல் லோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அவர் வீணை வாசிப்பவர். இருவரும் கல்கத்தா போனார்கள். பத்தொன்பது வயதுகூட நிரம்பாத ராமன், அங்கே பெரிய அதிகாரி.

கை நிறையச் சம்பளம் கிடைத்தது. ஆனாலும், மனம் ஆராய்ச்சியிலேயே இருந்தது. ஒரு நாள் டிராம் வண்டியில் போகும்போது, இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தார். அங்கே ஆய்வுக்கூடம் இருந்தது. ஆராய்ச்சி செய்ய ஆள்தான் இல்லை. அன்று முதல் விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம் என்று பத்து ஆண்டுகள் உழைத்தார். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். அப்போது தம் வீட்டிலேயே சோதனைகளைத் தொடர்ந்தார்.

அங்கே அவர் இசைக்கருவிகளை ஆராய்ந்தார். வயலின், வீணை, தம்புரா எல்லாம் அவர் மேஜைக்கு வந்தன. வீணைக் கம்பியை மீட்டினால் ஒரே ஓர் ஒலி எழுவது போலத் தோன்றும். உண்மையில் பல ஒலிகள் சேர்ந்தே எழுகின்றன. ஒரு கம்பி விநாடிக்கு 100 முறை அதிர்ந்தால், கூடவே 200, 300, 400 என்ற அதிர்வுகளும் மெல்ல எழும். இவற்றுக்கு மேற்சுரங்கள் என்று பெயர். கணக்குப் பிசகாமல் இவை வரும்போது, காதுக்கு இனிமையாக இருக்கிறது.

சாதாரணத் தோல் கருவியில் இப்படி வராது. 100 என்றால் அடுத்தது ஏறக்குறைய 159, அதற்கடுத்தது 214 என்று தாறுமாறாக வரும். அதனால்தான் அதை அடித்தால் இரைச்சலாகக் கேட்கிறது. அப்படியானால், தோல் கருவியான மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதியோடு சேர்ந்து பேசுகிறது?

காரணம், அதன் வலது பக்கத்தின் நடுவில் உள்ள கறுப்புப் பொட்டு! ஒரு வகைக் கல்லின் பொடியைச் சோற்றோடு குழைத்து, தோலின் நடுவே அடுக்கடுக்காகப் பூசித் தேய்ப்பார்கள். நடுப்பகுதி கனமாவதால், தாறுமாறான அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. ராமனும் அவருடன் ஆராய்ச்சி செய்த சிவகாளி குமாரும் 1920-ல் நேச்சர் என்ற இங்கிலாந்து அறிவியல் இதழில் இதை எழுதினார்கள். பின்னர் தோலின் மேல் நுண்ணிய மணலைத் தூவி, அது எந்தெந்த வடிவில் ஒதுங்குகிறது என்றும் பார்த்தார் ராமன். 

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தது. சம்பளம் அரசு வேலையைவிடக் குறைவுதான். ராமன் தயங்கவில்லை, அதிகாரி வேலையை உதறிவிட்டுப் போனார். 1921-ல் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். கப்பலில் பார்த்த கடலின் நீலம் அவரை ஒளி ஆராய்ச்சிக்கு இழுத்தது. 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது.

அந்த ஆராய்ச்சியில் அவருக்குத் தோள் கொடுத்தவர் யார் தெரியுமா? நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன்! மடவார் வளாகம் கோயில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் அவர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பைப் படித்தார்.

1930-ல் ராமனுக்கு நோபல் பரிசும், 1954-ல் பாரத ரத்னாவும் கிடைத்தன. 1948-ல் பெங்களூரில் தம் பெயரில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 1970 நவம்பர் 21-ல் மறைந்தார்.

சரி, ஹெட்போனுக்கு வருவோம். அதற்குள்ளும் மெல்லிய தகடு ஒன்று அதிர்கிறது. அதுவும் ஒரு குட்டி மிருதங்கம்தான். வால்யூமை அளவு மீறி ஏற்றினால், ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். பாட்டில் இல்லாத புதிய அதிர்வுகள் வந்து கலக்கும். மேற்சுரங்களின் ஒழுங்கு கெடும். கரகரப்பு அதுதான்!

ஆகவே, வால்யூமை ஏற்றும் முன் ஹெட்போன் பின் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் கனமான ஒலிகள் கேட்காது, சரியாக அணியுங்கள். வெளிச்சத்தம் வந்தால் ஜன்னலைச் சாத்துங்கள். தேய்ந்த பதிவாக இருந்தால் நல்ல பதிவைத் தேடுங்கள்.

உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது. குழந்தைகள் 75 டெசிபல் அளவில், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் அதைவிடக் கூடினால் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

அடுத்த முறை கோயிலில் கச்சேரி நடந்தால், முன் வரிசையில் உட்கார்ந்து மிருதங்கத்தைக் கவனியுங்கள். எல்லோரும் கேட்ட அதே ஒலியைத்தான் ராமனும் கேட்டார். ஏன் என்று கேட்டதால் அவர் விஞ்ஞானி ஆனார். நீங்களும் கேளுங்கள், குழந்தைகளே!