டொனால்ட் ஏ. வோல்ஹைம்

டொனால்ட் ஆலன் வோல்ஹைம் (அக்டோபர் 1, 1914 – நவம்பர் 2, 1990) ஓர் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர், தொகுப்பாசிரியர், பதிப்பாளர் ஆவார். ஏஸ், டா ஆகிய நூல் வரிசைகளின் வழியாகவே இவர் பரவலாக அறியப்படுகிறார். எனினும், 1930களில் நியூயார்க் நகரில் அறிவியல் புனைகதை இரசிகர் மன்றங்களைத் தொடங்கியும், நடத்தியும், சில வேளைகளில் கலைத்தும் இவர் ஆற்றிய பணி அதனினும் சுவையானது. மன்றம் என்பது அதனைத் தொடங்கிய இதழுக்கு உரியதா, அதன் தலைவருக்கு உரியதா, உறுப்பினருக்கு உரியதா என்ற வினா இவரது வாழ்வில் மீண்டும் மீண்டும் எழுந்தது. இவர் மன்றங்களிலிருந்து விலக்கப்பட்டவர். மன்றத்தைக் கலைத்தவரும் கூட.

== இளமை ==

வோல்ஹைம் நியூயார்க் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் இளம்பிள்ளைவாத நோயால் தாக்குண்டார். நூல்களும் இதழ்களுமே இவருக்கு நெருங்கிய துணையாயின.

ஹியூகோ கெர்ன்ஸ்பாக் 1926 இல் தொடங்கிய அமேசிங் ஸ்டோரீஸ், அறிவியல் புனைகதைக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கில இதழாகும். அதில் வாசகர் கடிதங்கள் எழுதியவரின் முகவரியுடன் அச்சிடப்பட்டன. சிறிய செய்தியாகத் தோன்றினாலும் இரசிகர் மன்றங்களின் தோற்றத்துக்கு இதுவே வித்தாயிற்று. தன்னைப் போல் இன்னொருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்பதை வாசகர்கள் இதன் மூலமே அறிந்தனர். முதலில் கடிதம் எழுதினர், பின்னர் நேரில் சந்தித்தனர். நியூயார்க் நகரின் முதல் மன்றமான சயன்சியர்ஸ் 1929 டிசம்பரில் இவ்வாறே உருவானது. அதன் முதல் தலைவர் வாரன் பிட்ஸ்ஜெரால்ட் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆவார். கூட்டங்கள் ஹார்லெம் பகுதியில் இருந்த அவரது இல்லத்தில் நடைபெற்றன. அக்கால அமெரிக்கச் சூழலில் இது அரிய நிகழ்வாகும்.

== அறிவியல் புனைகதைக் கழகமும் வழக்கும் ==

கெர்ன்ஸ்பாக் 1934 இல் தமது வொண்டர் ஸ்டோரீஸ் இதழின் சார்பில் அறிவியல் புனைகதைக் கழகம் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஓர் ஊரில் உள்ள சில வாசகர்கள் சேர்ந்து விண்ணப்பித்தால் அவர்கள் கிளையாக ஏற்கப்பட்டு எண் வழங்கப்பட்டது. முதற்கிளை புரூக்ளினில் அமைந்தது. நான்காம் கிளையான லாஸ் ஏஞ்சலஸ் கிளையே பின்னர் தனி மன்றமாகி 90 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. எழுத்தாளர் ரே பிராட்பரி பள்ளி மாணவராக இருந்தபோது சேர்ந்தது அம்மன்றத்தில்தான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலும் ஒரு கிளை தோன்றியது. கிளைகளின் செய்திகள் இதழில் வெளியாயின. மன்றங்கள் வளர்ந்தால் இதழும் விற்கும் என்பதே கெர்ன்ஸ்பாக்கின் கணக்கு எனலாம்.

வோல்ஹைமின் முதல் கதையான ஏரியலிலிருந்து வந்த மனிதன் வொண்டர் ஸ்டோரீஸ் 1934 சனவரி இதழில் வெளிவந்தது. அப்போது இவருக்கு வயது 19. கதைக்கான பணம் வரவில்லை. விசாரித்தபோது, தம்மைப் போலவே பணம் பெறாத எழுத்தாளர்கள் வேறு சிலரும் இருப்பதை இவர் அறிந்தார். அவர்களைத் திரட்டி வழக்குத் தொடுத்தார். வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே 75 டாலருக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. தாம் கண்டறிந்தவற்றை இரசிகர் இதழ் ஒன்றில் இவர் வெளியிட்டார். 1935 இல் வோல்ஹைம், ஜான் மிச்செல், வில்லியம் சிக்கோரா ஆகிய மூவரும் கழகத்திலிருந்து நீக்கப்பட்டதாக வொண்டர் ஸ்டோரீஸ் அறிவித்தது. கழகத்தின் நீதிபதியும் கடன் வைத்திருந்த முதலாளியும் ஒருவரே என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. 1936 இல் இதழ் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டபின் வோல்ஹைம் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

ஆயினும் இந்நிகழ்வின் விளைவு பெரியது. வணிக இதழின் நிழலில் இல்லாத மன்றம் வேண்டும் என்ற எண்ணம் நியூயார்க் இளைஞர்களிடையே வலுப்பெற்றது.

== முதல் மாநாடு ==

நீக்கப்பட்ட மூவரும் சிக்கோராவின் தலைமையில் இருந்த பன்னாட்டு அறிவியல் சங்கத்தில் செயல்பட்டனர். பெயர் பெரிதாயினும் இது சில பதின்ம வயதினரைக் கொண்ட நகர மன்றமே ஆகும். சிக்கோரா சோதனைச்சாலை ஆய்விலும் சிறு ராக்கெட்டுகளிலும் நாட்டம் கொண்டவர். வோல்ஹைமுக்குக் கதைகளே முதன்மை. இவ்வேறுபாடு பின்னர் பெரும் பிளவானது.

1936 அக்டோபரில் இச்சங்கத்தினர் சிலர் தொடருந்தில் பிலடெல்பியா சென்று அங்கிருந்த இரசிகர்களைச் சந்தித்தனர். ஊரைச் சுற்றிப் பார்த்தபின் மில்டன் ராத்மன் என்பவரின் வீட்டில் கூடினர். சந்திப்பை ஒரு மாநாடு என்று அறிவித்துவிடலாம் என முடிவு செய்து, தலைவரையும் செயலரையும் தேர்ந்தெடுத்தனர். பிற்காலத்தில் புகழ்பெற்ற பிரடெரிக் போல் அன்று செயலராக இருந்தார். உலகின் முதல் அறிவியல் புனைகதை மாநாடு இதுவே என்பர் ஒரு சாரார். முன்கூட்டியே அறிவித்து, மண்டபம் அமர்த்தி, 1937 சனவரி 3 அன்று லீட்ஸ் நகரில் நடத்தப்பட்ட கூட்டமே முதல் மாநாடு என்பர் மறு சாரார். லீட்ஸ் கூட்டத்தில் சுமார் 20 பேர் கலந்துகொண்டனர். பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் அவர்களுள் ஒருவர். மாநாடு என்பதற்கு முன்னறிவிப்பு வேண்டும் எனக் கொண்டால் லீட்ஸ் தரப்பின் வாதமே வலுவானது.

1937 பெப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த அடுத்த கூட்டத்தில், 1939 இல் நியூயார்க்கில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சியின்போது பெரிய மாநாடு ஒன்றைக் கூட்டும் எண்ணம் முன்வைக்கப்பட்டு, அதற்கான பொறுப்பு வோல்ஹைமிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் சில மாதங்களில் சிக்கோரா சங்கத்திலிருந்து விலகினார். வோல்ஹைம் சங்கத்தையே கலைத்துவிட்டார். தாம் வளர்த்த சங்கத்தைக் கலைக்க வோல்ஹைமுக்கு உரிமை இல்லை எனக் கருதிய சிக்கோரா இதனை ஒருபோதும் மன்னிக்கவில்லை. ஈராண்டுகளுக்குமுன் இதழாசிரியரின் தன்னிச்சையை எதிர்த்தவர் இப்போது அதே குற்றச்சாட்டுக்கு ஆளானார்.

== அஞ்சல்வழிச் சங்கம் ==

அதே 1937 இல் வோல்ஹைம் மிச்செலுடன் சேர்ந்து கற்பனைப்புனைவுத் தொழில்சாரா இதழாளர் சங்கத்தை (சுருக்கமாக பாபா) நிறுவினார். அன்றைய இரசிகர் இதழ்கள் பெரும்பாலும் ஜெலட்டின் தட்டில் ஊதா மையைப் பதித்தோ மெழுகுத்தாள் படியெடுப்பான் கொண்டோ அச்சிடப்பட்டன. ஜெலட்டின் முறையில் சில பத்துப் படிகளுக்கு மேல் எடுத்தால் எழுத்து மங்கிவிடும். அதற்கு ஏற்றவாறே இச்சங்கத்தின் முறை அமைந்தது. ஒவ்வோர் உறுப்பினரும் தமது இதழின் படிகளை ஒரு பொறுப்பாளருக்கு அனுப்புவார். அவர் அனைத்தையும் பிரித்துக் கட்டி, ஆண்டுக்கு நான்கு முறை எல்லா உறுப்பினருக்கும் அனுப்புவார். சந்தா சேர்ப்பதும் விற்பதும் தேவையில்லை. உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. எழுதாதவர் இடத்தை இழப்பார். வோல்ஹைம் உருவாக்கிய அமைப்புகளுள் சண்டைகளைத் தாண்டி மிக நீண்ட காலம் நிலைத்தது இதுவே.

== பியூச்சரியன்கள் ==

1937 அக்டோபரில் பிலடெல்பியாவில் நடந்த கூட்டத்தில், திக்குவாய் உடைய மிச்செலின் உரையை வோல்ஹைம் படித்தார். எதிர்காலத்தைக் கனவு காண்பவர்கள் பாசிசத்தை எதிர்த்து, அவ்வெதிர்காலத்தை உருவாக்கும் அரசியலில் ஈடுபட வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானம் தோற்றது. மன்றத்தில் அரசியல் கூடாது என்ற தரப்பும், அறிவியல் புனைகதையே ஒருவகை அரசியல்தான் என்ற தரப்பும் எதிரெதிரே நின்றன. போல், மிச்செல் போன்றோர் இளம் பொதுவுடைமையாளர் அமைப்பில் இருந்தமை எதிர்த்தரப்பின் ஐயத்தைப் பெருக்கியது.

1938 செப்டம்பரில் வோல்ஹைமின் நண்பர்கள் பியூச்சரியன்கள் (எதிர்காலத்தவர்) என்ற மன்றத்தைத் தொடங்கினர். போல், மிச்செல், ராபர்ட் லோண்டஸ், சிரில் கோர்ன்புளூத் ஆகியோருடன் 18 வயது ஐசாக் அசிமோவும் சேர்ந்தார். பின்னர் டேமன் நைட், ஜேம்ஸ் பிளிஷ், ஜூடித் மெரில் முதலியோர் இணைந்தனர். இரசிகர் மன்றம் என்பது இங்கு ஒரு நட்சத்திரத்தைச் சூழ்ந்த கூட்டம் அன்று. வாசிப்பவர் யாவரும் எழுத முனைந்த ஒரு பட்டறை எனலாம். சிலர் வாடகையைப் பகிர்ந்துகொண்டு ஒரே குடியிருப்பில் வாழ்ந்தனர். கூட்டாகக் கதை எழுதிப் புனைபெயர்களில் வெளியிட்டனர். வயதில் மூத்தவரான வோல்ஹைமின் சொல்லே பெரும்பாலும் இறுதியானது.

== 1939 விலக்கல் ==

இதற்கிடையே 1939 மாநாட்டின் பொறுப்பு வோல்ஹைமின் கையிலிருந்து நழுவியது. சிக்கோரா, சாம் மாஸ்கோவிட்ஸ், ஜேம்ஸ் டவுராசி ஆகியோர் நியூ பேண்டம் என்ற அமைப்பின் வாயிலாக அதனை ஏற்று நடத்தினர். 1939 சூலை 2 அன்று மான்ஹாட்டனின் கேரவன் மண்டபத்தில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு தொடங்கியது. ஓவியர் பிராங்க் ஆர். பால் சிறப்பு விருந்தினர். சுமார் 200 பேர் கூடினர்.

மண்டபத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்த துண்டு வெளியீடுகளை அமைப்பாளர்கள் கண்டெடுத்தனர். மாநாட்டுக் குழுவின் தன்னிச்சையைக் கண்டித்த அவ்வெளியீட்டை அச்சிட்டவர் டேவிட் கைல் என்பவர்; ஆனால் பியூச்சரியன்கள் கலகம் செய்யவே வந்துள்ளனர் என அமைப்பாளர்கள் முடிவு செய்தனர். ஒழுங்காக நடந்துகொள்வதாக வாக்குறுதி தந்தால் மட்டுமே அனுமதி எனக் கூறப்பட்டது. வாக்குறுதி தர மறுத்த வோல்ஹைம், போல், லோண்டஸ், கோர்ன்புளூத், மிச்செல், ஜாக் கில்லெஸ்பி ஆகிய அறுவரும் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். வெளியீட்டை அச்சிட்ட கைல் தடையின்றி உள்ளே இருந்தார் என்பது விந்தை. அசிமோவும் உள்ளே சென்றார். நண்பர்களுடன் வெளியே நிற்காமைக்காகப் பின்னாளில் அவர் வருந்தினார். விலக்கப்பட்டவர்கள் சூலை 4 அன்று புரூக்ளினில் தனிக்கூட்டம் நடத்தினர். மாநாட்டுக்கு வந்த சிலரும் அதில் கலந்துகொண்டனர்.

மாநாட்டை முதலில் பொறுப்பேற்றவரே அதன் வாயிலில் தடுக்கப்பட்டார் என்பது ஒரு பக்கம். சங்கம் கலைக்கப்பட்டதன் வடு சிக்கோராவின் மனத்தில் ஆறவில்லை என்பது மறுபக்கம். இவ்வரலாற்றை விரிவாக எழுதிய மாஸ்கோவிட்ஸ் அமைப்பாளர்களுள் ஒருவராகவும், நைட் பியூச்சரியனாகவும் இருந்தமையால் இருவரது நூல்களையும் ஒப்பிட்டு வாசிப்பது நன்று.

== ஊதியமற்ற இதழ்களும் பிளவும் ==

1941 இல் வோல்ஹைம் காஸ்மிக் ஸ்டோரீஸ், ஸ்டிர்ரிங் சயன்ஸ் ஸ்டோரீஸ் ஆகிய இரு இதழ்களின் ஆசிரியரானார். பதிப்பாளரிடம் பணம் இல்லை. இதழ் வெற்றி பெற்றால் பின்னர் ஊதியம் தரப்படும் என்ற நம்பிக்கையில் பியூச்சரியன்கள் இலவசமாக எழுதினர். அசிமோவும் ஒரு கதை தந்தார். இலவசமாக எழுதுவோர் பிற எழுத்தாளரின் பிழைப்பைக் கெடுக்கின்றனர் என மூத்த இதழாசிரியர் ஒருவர் எச்சரித்தபின், பெயருக்கு 5 டாலராவது வேண்டும் என அசிமோவ் கேட்டார். வோல்ஹைம் பணத்தைச் சினத்துடன் அனுப்பினார். ஊதியத்துக்காக வழக்காடியவர் இந்நிலைக்கு வந்தது முரணே. இரண்டு இதழ்களும் சேர்ந்து ஏழு வெளியீடுகளுடன் நின்றன.

வோல்ஹைம் 1943 இல் சக பியூச்சரியனான எல்சி பால்டரை மணந்தார். 1945 இல் மன்றம் இரண்டாகப் பிளந்தது. மெரில், பிளிஷ், நைட், லோண்டஸ் முதலியோர் வோல்ஹைம், எல்சி, மிச்செல் ஆகியோரை நீக்கியதாக ஓர் அறிக்கை வெளியிட்டனர். வோல்ஹைம் அவதூறு வழக்குத் தொடுத்தார்; அது தள்ளுபடியானது. பியூச்சரியன் மன்றம் அத்துடன் முடிவுற்றது.

== பதிப்பாளர் ==

1943 இல் இவர் தொகுத்த தி பாக்கெட் புக் ஆப் சயன்ஸ் பிக்சன், பெருமளவில் விற்பனையான முதல் அறிவியல் புனைகதைத் தொகுப்பாகும். ஏவான் நிறுவனத்தில் பணியாற்றியபின், 1952 முதல் 1971 வரை ஏஸ் நிறுவனத்தில் ஆசிரியராக இருந்தார். ஒரு புதினத்தைத் தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு புதினம் தொடங்கும் ஏஸ் இரட்டை நூல்கள் இவர் காலத்தில் புகழ்பெற்றன. பிலிப் கே. டிக், சாமுவேல் டிலேனி, அர்சுலா லெ குவின் ஆகியோரின் முதல் புதினங்களை இவரே வெளியிட்டார். 1965 இல் அமெரிக்கப் பதிப்புரிமையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, டோல்கீனின் மோதிரங்களின் தலைவன் நூலை அனுமதியின்றி ஏஸ் அச்சிட்டது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. வாசகரின் எதிர்ப்புக்குப்பின் 1966 இல் டோல்கீனுக்குப் பணம் தரவும் அப்பதிப்பை நிறுத்தவும் நிறுவனம் உடன்பட்டது. மலிவு அட்டைப் பதிப்புகளுக்கு அந்நூல் வந்தமைக்கு இதுவும் ஒரு தூண்டுதல் ஆயிற்று.

இவர் எழுதிய சிறுகதைகளுள் 1942 இல் வெளிவந்த மிமிக் குறிப்பிடத்தக்கது. 1997 இல் கியெர்மோ தெல் தோரோ அதனைத் திரைப்படமாக்கினார்.

1971 இல் எல்சியுடன் சேர்ந்து தமது பெயரின் முதலெழுத்துகளால் அமைந்த டா நிறுவனத்தைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் மட்டுமே அமைந்த நிறுவனம் இது. சி. ஜே. செர்ரி போன்ற புதியோருக்கு இங்கு வாய்ப்பளிக்கப்பட்டது. 1985 முதல் இவரது மகள் எலிசபெத் நிறுவனத்தை நடத்தினார். 2022 இல் அஸ்ட்ரா பதிப்பகம் அதனை வாங்கியது.

1988 இல் நியூ ஆர்லியன்சில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு வோல்ஹைம் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டார். முதல் மாநாட்டின் வாயிலில் தடுக்கப்பட்டு அப்போது 49 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஈராண்டுகளுக்குப்பின் நியூயார்க்கில் காலமானார்.