ஒரு முறை சுற்றி வர 60,000 ஆண்டு.. வால் நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிட்டது எப்படி? யார் இந்த வைணு பாப்பு?

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் இரவு தங்கியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஊருக்குள் கண்ணில் படாத நட்சத்திரங்கள் எல்லாம் அங்கே கொட்டிக் கிடக்கும். காரணம் சிம்பிள், தெரு விளக்கு வெளிச்சம் குறைவு.

இந்த மலைக்கு வடக்கே, தென்பெண்ணை ஆற்றைத் தாண்டினால் வருவது ஜவ்வாது மலை. அதே மாதிரியான இருட்டை நம்பித்தான் அங்குள்ள காவலூரில் ஒரு பெரிய வானியல் ஆய்வகத்தையே கட்டினார் ஒருவர். அவர்தான் வைணு பாப்பு. ஒரு வால் நட்சத்திரத்துக்கே அவர் பெயர் இருக்கிறது.

சென்னையில் பிறந்தவர்

1927 ஆகஸ்ட் 10-ம் தேதி சென்னையில் பிறந்தார் பாப்பு. பூர்வீகம் கேரளாவின் கண்ணூர் பகுதி. அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானியல் ஆய்வகத்தில் வேலை. அதனால் டெலஸ்கோப் என்பது அந்தப் பையனுக்கு வீட்டுச் சாமான் மாதிரி.

ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் போனார். போன சில மாதங்களிலேயே, ஜூலை 2-ம் தேதி இரவு எடுத்த ஒரு போட்டோ தகட்டில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மங்கலான ஒளி தெரிந்தது. அது புதிய வால் நட்சத்திரம்!

உடன் இருந்தவர்கள் பேராசிரியர் பார்ட் போக், மாணவர் கோர்டன் நியூகிர்க். மூவர் பெயரையும் சேர்த்து அதற்கு பாப்பு-போக்-நியூகிர்க் என்று பெயர் வந்தது.

ஒரு புள்ளி போதாதா?

போதாது. இங்கேதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

இருட்டில் மலைப்பாதையில் ஒரு லாரி விளக்கு தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை பார்த்தால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியுமா? முடியாது. கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

போட்டோவும் அப்படித்தான். திசையை மட்டும்தான் காட்டும், தூரத்தைக் காட்டாது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கிடைப்பது இரண்டு எண்கள். பாதையின் அளவு, வடிவம், சாய்வு, திசை, நேரம் என எல்லாம் தெரிய ஆறு எண்கள் வேண்டும். ஆக, வெவ்வேறு நாட்களில் குறைந்தது மூன்று முறை பார்க்கணும். நாம் நிற்கும் பூமியும் ஓடிக்கொண்டே இருப்பதால், அதையும் கணக்கில் கழிக்கணும்.

நீண்ட காலச் சிக்கல்

200 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு சூரியனைச் சுற்றுபவற்றை நீண்ட கால வால் நட்சத்திரங்கள் என்கிறார்கள். இவற்றில் நம் கண்ணுக்குத் தெரிவது, மொத்தப் பாதையில் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன வளைவு மட்டும்தான். ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவைப் பார்த்துவிட்டு முழு ரோட்டின் நீளத்தைச் சொல்கிற மாதிரி!

அந்த இடத்தில், திரும்பி வரும் நீள்வட்டமும் திரும்பவே வராத பாதையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். அளவில் துளி தவறினாலும் சுற்றுக்காலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மாறிவிடும். அதனால் மூன்று இரவுகளோடு நிறுத்தாமல், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பின்தொடர்ந்து பாதையைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள்.

இப்படிக் கணக்குப் போட்டதில் பாப்புவின் வால் நட்சத்திரத்துக்குக் கிடைத்த சுற்றுக்காலம் சுமார் 60,000 ஆண்டுகள். கெப்ளர் விதிப்படி, அது போய்த் திரும்பும் எல்லை, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல சுமார் 3,000 மடங்கு. நெப்டியூன் இருப்பது வெறும் 30 மடங்கில்தான்!

இதற்காக அமெரிக்காவின் பசிபிக் வானியல் கழகம் அவருக்கு டோன்ஹோ வால் நட்சத்திரப் பதக்கம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது 22 கூட முழுமையாகக் கடந்திருக்கவில்லை.

ஊர் திரும்பினார்

1952-ல் முனைவர் பட்டம். பிறகு ஓலின் வில்சனுடன் சேர்ந்து, நட்சத்திரத்தின் ஒளிப்பட்டையில் உள்ள ஒரு கோட்டின் அகலத்தை வைத்து அதன் உண்மையான பிரகாசத்தைச் சொல்லும் வழியை 1957-ல் வெளியிட்டார். இன்றும் அதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்றுதான் பெயர்.

அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். ஆனால் இந்தியா வந்தார். நைனிடால் ஆய்வகத்தை வளர்த்தெடுத்துவிட்டு, 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். கொடைக்கானல் சூரியனை ஆராயும் இடம். இரவு வானத்துக்கு வேறு இடம் வேண்டும் என்று தேடித் தேர்ந்தெடுத்ததுதான் காவலூர்.

ஏன் காவலூர்? இருட்டு ஒரு காரணம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டையும் பார்க்கலாம் என்பது இன்னொரு காரணம்.

1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் வேலை தொடங்கியது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்கள் தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

பார்க்காமலே போன கனவு

இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி. இதுதான் பாப்புவின் பெரிய கனவு. 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்வான முதல் இந்தியரும் அவர்தான். ஆனால் 1982 ஆகஸ்ட் 19-ல், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஜெர்மனியின் மியூனிக்கில் காலமானார். வயது 55.

தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. அதற்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். 1988-ல் காவலூரில் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டு, கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. அதுவும் அதே பழைய வழிதான்: முதலில் நகரும் ஒரு புள்ளி, பிறகு இரவு இரவாகப் பின்தொடர்ந்து பாதைக் கணக்கு.

இந்த வேலைக்குப் பொறுமையும் கணக்கும் இருந்தால் மட்டும் போதாது, தொடர்ந்து இருட்டான இரவுகளும் வேண்டும். மங்கலான புள்ளியை அழிக்க, வானத்தை நோக்கிப் பாயும் சில விளக்குகளே போதும். மலை ஊர்களில் புதிதாக விளக்கு போடும்போது வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கிற மாதிரி மூடி போட்டால், பாதைக்கும் வெளிச்சம் கிடைக்கும், வானமும் தப்பிக்கும்.