மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (ஜூன் 30, 1912 - பெப்ரவரி 18, 1996) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்கையியலாளர், எழுத்தாளர், ஒளிப்படக் கலைஞர் ஆவார். இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்பு என்ற எண்ணம் பொதுமக்களிடையே பரவாத காலத்திலேயே அதனைப் பற்றி இடைவிடாது எழுதி வந்தவர். தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான பத்மாவதி சரித்திரத்தை எழுதிய அ. மாதவையா இவரது தந்தை. அழியும் நிலையிலுள்ள விலங்குகளைக் காப்பது அரசுக்கும் மக்களுக்கும் உரிய கடமை, விருப்பம் சார்ந்த அறச்செயல் அன்று என்பது இவரது வாழ்நாள் நிலைப்பாடாகும்.

இளமை

கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தார். மாதவையாவின் எட்டுப் பிள்ளைகளில் இவரே கடைசி. மாதவையா உப்புத் துறைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. அக்காலத்து மயிலாப்பூரை இன்றைய நகரத்தைக் கொண்டு அளவிட இயலாது. வீட்டுக்கு அப்பால் புதர்க்காடுகள் இருந்தன. நரியும் வெளிமானும் கண்ணில் படும் தொலைவில் திரிந்தன. சிறுவனாக இருந்தபோது கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். பின்னாளில் அவர் எழுதியவற்றில் ஊர்ப்புறத்து உயிரினங்களுக்குப் புலி, யானைக்கு இணையான இடம் கிடைத்ததற்கு இந்த இளமைக்காலமே காரணம் எனலாம்.

1925 ஆம் ஆண்டு அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் எனப் பேசி அமர்ந்த சிறிது நேரத்தில் மாதவையா காலமானார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற கிருஷ்ணன், தாவரவியலில் முதுகலைப் பட்டமும் பின்னர் சட்டப் பட்டமும் பெற்றார். தாவரவியல் பேராசிரியர் பைசனுடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குச் சென்ற களப்பயணங்கள் இவரைப் பெரிதும் ஈர்த்தன. விலங்கைப் பற்றி எழுதும்போது அது உண்ணும் செடியையும் நிற்கும் மரத்தையும் பெயர் சொல்லி எழுதும் வழக்கம் இவருக்கு இருந்தது. 1937 இல் இந்துமதியை மணந்தார்.

சந்தூர் சமஸ்தானம்

சில சிறு வேலைகளுக்குப் பின், 1942 இல் பெல்லாரியை அடுத்த சந்தூர் என்னும் சிறிய சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்தார். அங்கு ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். எஞ்சிய நேரத்தில் சுற்றியிருந்த குன்றுகளில் திரிந்தார், ஆடு மேய்த்துப் பார்த்தார், புறாக்களை வளர்த்தார். 1949 இல் சந்தூர் சென்னை மாகாணத்துடன் இணைக்கப்பட்டதும் சென்னைக்குத் திரும்பினார். இதன்பின் இறுதிவரை இவர் எவரிடமும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி ஒரு குடும்பம் வாழ்வது அக்காலத்தில் எளிதான செயல் அன்று.

எழுத்தும் ஒளிப்படமும்

1950 இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவரும் ஒரு பத்தியைத் தொடங்கினார். அது 46 ஆண்டுகள் தொடர்ந்தது. இவரது கடைசிக் கட்டுரை இவர் இறந்த நாளிலேயே அச்சில் வந்தது.

கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைக் கொண்டு தாமே பொருத்திய கனமான ஒளிப்படக் கருவியைப் பயன்படுத்தினார். முதுமலை போன்ற காடுகளில் பழக்கிய யானையின் மீது அமர்ந்தோ, நடந்து சென்றோ காட்டு யானைகளைப் படமெடுத்தார். ஓவியத்திலும் தேர்ச்சி உள்ளவர். தம் கட்டுரைகள் சிலவற்றுக்குத் தாமே படம் வரைந்துள்ளார்.

1968 இல் கிடைத்த ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கையைக் கொண்டு தென்னிந்தியா உட்பட இந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். இதன் பயனாக 1959-70 காலகட்டத்தின் இந்தியக் காட்டுயிர் நிலையை விளக்கும் நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975 இல் வெளியிட்டது. இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1995 இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலக 500 கௌரவப் பட்டியலில் இடம்பெற்றார்.

பாதுகாப்புக் கொள்கை

இந்தியச் சிவிங்கிப்புலி கிருஷ்ணனின் வாழ்நாளிலேயே அற்றுப்போன விலங்காகும். 1947 இல் இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்திலுள்ள கொரியா சமஸ்தானத்தில் மூன்று சிவிங்கிகள் சுடப்பட்டன. 1952 இல் அவ்விலங்கு நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. இந்தியக் காட்டுயிர் வாரியம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். கிருஷ்ணன் இவ்வாரியத்தில் நெடுங்காலம் உறுப்பினராக இருந்தார்.

தமது பரிந்துரைகளில் இவர் முதன்மை அளித்தது காட்டை அதன் போக்கில் விட்டுவிடுவதற்கே. காட்டுக்குள் சாலை, அணை, தோட்டம், சுற்றுலா விடுதி ஆகியவை நுழைவதை எதிர்த்தார். வெளிநாட்டு மரங்களை அழகுக்காகவோ வருவாய்க்காகவோ நடுவதை இவர் கடுமையாகக் கண்டித்ததால் வனத்துறையினர் சிலருக்குப் பிடிக்காதவராகவும் இருந்தார். ஒரு நிலத்தின் விலங்கு அந்நிலத்தின் தாவரத்தைச் சார்ந்தது, தாவரத்தை மாற்றிவிட்டு விலங்கைக் காப்பதாகச் சொல்வது பயனற்றது என்பது இவரது வாதம். தாவரவியல் கற்றவர் என்பதால் இவ்வாதத்தில் உறுதியாக நின்றார். இன்று இது பாடநூல் செய்தியாகிவிட்டது. அன்று மிகச் சிலரே இவ்வாறு பேசினர்.

புதுக்கோட்டை மாவட்டமும் கிருஷ்ணனின் கருத்துகளும்

கிருஷ்ணன் எழுப்பிய சிக்கல்களைப் பொருத்திப் பார்க்கப் புதுக்கோட்டை மாவட்டம் ஏற்ற இடமாகும். சந்தூரைப் போலவே புதுக்கோட்டையும் ஒரு சமஸ்தானமாக இருந்து, மார்ச் 3, 1948 அன்று இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. தனி மாவட்டமானது 1974 இல். இங்குள்ள இயற்கைக் காடு உயரமற்ற, அடர்ந்த உலர் பசுமைமாறாக் காடாகும். அதன் எச்சங்கள் இன்று பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் காணப்படுகின்றன. தெய்வத்துக்கு அஞ்சி மரம் வெட்டாததால் அவை பிழைத்தன. மாவட்டத்தின் வனநிலங்களில் பெரும்பரப்பில் தைல மரம் பயிரிடப்பட்டது. அது நிலத்தடி நீரை உறிஞ்சுவதாகக் கூறி விவசாயிகள் அதனை அகற்றக் கோரி வருகின்றனர். தைல மரத் தோப்பில் முயலுக்கும் கீரிக்கும் நரிக்கும் கிடைக்கும் உணவும் மறைவும் மிகக் குறைவு. கிருஷ்ணன் அஞ்சியது இதைத்தான்.

விராலிமலை முருகன் கோயில் மயில்களுக்குப் பெயர் பெற்றது. மயில் 1963 இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிலும் உள்ளது. மலையில் முருகனின் வாகனமாக வணங்கப்படும் பறவை, கீழே வயலில் நெல்லையும் நிலக்கடலையையும் கொத்தும்போது விவசாயிக்குப் பகையாகிறது. விலங்குகளைக் காக்கும் சுமையை வயல் உடையவர் மட்டும் ஏற்க வேண்டியதாவது முறையன்று.

மாவட்டத்தின் மிக அரிய விலங்கு கடலில் உள்ளது. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடல் பசு, பாக்கு நீரிணைப் பகுதியின் கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டியாகும். இந்தியக் கடல்களில் சில நூறு மட்டுமே எஞ்சியிருப்பதாகக் கணிக்கப்படுகிறது. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டிய விலங்கு என்பதால் வலையில் சிக்கினால் மூழ்கி இறந்துவிடும். இழுவை மடிகள் கடற்புல்லை வேரோடு பெயர்க்கின்றன. முன்பு இறைச்சிக்காகவும் கொல்லப்பட்டது. செப்டம்பர் 21, 2022 அன்று தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இவ்விலங்குக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் இது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் தொழில் செய்யும் கடலும் இப்பகுதியே. வலையில் சிக்கிய கடல் பசுவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசளித்து வருகிறது. அறுத்த வலையின் இழப்பு மீனவருடையது என்பதை இங்கு குறிப்பிட வேண்டும்.

தமிழ்ப் படைப்புகள்

கிருஷ்ணன் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழிலும் சிறந்த உரைநடையாளர். பெ. தூரன் தொகுத்த கலைக்களஞ்சியத்தில் விலங்குகள் பற்றி எழுதியுள்ளார். தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலாக்கினார். கதிரேசன் செட்டியாரின் காதல் என்ற துப்பறியும் நாவலையும் எழுதியுள்ளார் என்பது பலர் அறியாதது. ஆங்கிலக் கட்டுரைகளின் தேர்ந்தெடுத்த தொகுப்பை ராமச்சந்திர குகா 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவரது ஒளிப்படத் தொகுப்பு 2006 இல் வெளிவந்தது.